பஸ்ஸுக்கு முன்னால் நின்றவள்

செவ்வந்தி பஸ்ஸுக்கு முன்னால் நிற்கவே இல்லை. இதைச் சொல்லிச் சொல்லி என் தொண்டை வறண்டதுதான் மிச்சம். அன்றைக்கு அந்த டவுன் பஸ்ஸில் அவளுக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்தவள் நான். மதுக்கரையில் தையல் கடை வைத்திருக்கும் மெஹராஜ் என்றால் எல்லோருக்கும் தெரியும். ஆனால் செவ்வந்தியைப் பற்றி ஊரில் கட்டிய பாட்டில் மட்டும் நான் கிடையாது.

நடந்தது இதுதான். தொண்ணூற்று நான்கில் ஒரு காலை, இறக்கத்தில் பஸ்ஸை நிறுத்திவிட்டு டிரைவரும் கண்டக்டரும் டீ குடிக்கப் போனார்கள். சக்கரத்துக்குக் கல் வைக்க மறந்துவிட்டார்கள். பஸ் தானாக உருள ஆரம்பித்தது. நான் அல்லாஹ்வைக் கூப்பிட்டேன், பின்னால் இருந்தவர்கள் அவரவர் சாமியைக் கூப்பிட்டார்கள். செவ்வந்தி யாரையும் கூப்பிடவில்லை. ஒரே தாவலில் டிரைவர் சீட்டுக்குப் போய்விட்டாள். கூலிக்குப் போன தோட்டத்தில் டிராக்டர் ஓட்டிப் பழகியவள். பிரேக் பிடிக்கவில்லை என்றதும் ஸ்டியரிங்கை ஒடித்து, யாரோ வீடு கட்டக் கொட்டியிருந்த மணலில் ஏற்றி நிறுத்தினாள்.

அந்த வருஷ நோம்பியில், கோயில் திருவிழாவில், இதை வைத்து ஒரு கும்மிப் பாட்டு வந்தது. அதில் ஆனைமலை மாசாணியம்மன் செவ்வந்தி மேல் இறங்குகிறாள், ரோட்டு நடுவில் நின்று வலது கையைத் தூக்குகிறாள், பஸ் பயந்து நின்றுவிடுகிறது. பஸ்ஸுக்குள் இருந்தவளைக் கீழே இறக்கி ரோட்டில் நிறுத்திவிட்டார்கள்! பாட்டு பெருந்துறைக்குப் போய்ச் சேர்வதற்குள் பஸ் லாரியாகி, லாரி ரயிலாகிவிட்டது. வேன்களின் பின்கண்ணாடியில் கை தூக்கிய பெண்ணின் ஸ்டிக்கர் வேறு. ஆறடி உயரம், எலுமிச்சை நிறம். எங்கள் செவ்வந்தி நல்ல கறுப்பு, என் தோள் உயரம்கூட வர மாட்டாள்.

புது வண்டி வாங்கியவர்களெல்லாம் அவளைத் தேடி வந்தார்கள். சக்கரத்துக்கடியில் எலுமிச்சம்பழம் வைக்க அவள் கைதான் வேண்டுமாம். அவளும் போய் வைத்துவிட்டு வருவாள். ஆனால் அவள் ஆசை வேறு. அந்த ஒரு இறக்கத்திலேயே பஸ் அவளைப் பிடித்துக்கொண்டது. கூலி வேலைக்கு நடுவே டிரைவிங் பழகி, லைசென்ஸ் வாங்கி, பஸ் ஓட்டுவதற்கான பேட்ஜும் எடுத்துவிட்டாள். ஓட்டத்தான் ஒருத்தரும் வண்டி தரவில்லை.

தொண்ணூற்றெட்டில் எங்கள் ஊர் லட்சுமணசாமி ஒரு மினி பஸ் வாங்கினார். வேலை கேட்க அவளோடு நானும் போனேன். முன்பெல்லாம் அவளை "ஏ புள்ள" என்று கூப்பிட்டவர்தான். பாட்டு வந்த பிறகு வார்த்தைக்கு வார்த்தை 'ங்க' போட்டார்.

"ஏனுங்க அம்மணி, நீங்க கையத் தூக்குனா வண்டி நிக்குமுங்க. உங்களப் போயி ஓட்டச் சொல்றதுங்களா?"

"அன்னைக்கும் நான் ஓட்டித்தானுங்க நிறுத்துனேன்" என்றாள் செவ்வந்தி.

"அது அம்மன் செஞ்சதுங்க. சாமிய வேலைக்கு வெச்சா எனக்குப் பாவமுங்க. பூஜைக்கு வந்து பழம் வெச்சுக் குடுங்க, போதும்."

இருவரும் திரும்பி நடந்தோம்.

"சாமி வந்து நின்னுச்சுன்னா நம்பிப்போடறாங்க. கூலிக்காரி ஸ்டியரிங் புடிச்சான்னா நம்ப மாட்டேங்கறாங்க, பாத்தியா மெஹராஜு" என்றாள் செவ்வந்தி.

அந்தப் பாட்டைக் கட்டினவன் மட்டும் கையில் கிடைத்திருந்தால் வாயைச் சேர்த்துத் தைத்திருப்பேன்.

பூஜையன்று ஊரே கூடியிருந்தது. நிரந்தரமாக ஆள் அமையாததால் அன்றைக்கு மட்டும் ஓட்ட ஒரு லாரி டிரைவரை வரச் சொல்லியிருந்தார் லட்சுமணசாமி. தேங்காய் உடைத்தார்கள். செவ்வந்தி நாலு சக்கரத்துக்கும் பழம் வைத்தாள். தட்டில் இருந்த சாவியை அவள் கையால் டிரைவரிடம் கொடுக்க வேண்டும். அதுதான் ஏற்பாடு.

சாவியை எடுத்தாள். கொடுக்கவில்லை. சுற்றிக்கொண்டு போய் டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

லாரி டிரைவர் முதலாளியைப் பார்த்தார். முதலாளி பஸ் படிக்கட்டு வரை போய், நின்றுவிட்டார். கல்யாண வீடு, எழவு வீடு பாக்கியில்லாமல் அம்மன் கதையைச் சொல்லித் திரிந்த மனிதர், இப்போது ஊர் பார்க்க அம்மனைக் கையைப் பிடித்து இழுத்து இறக்குவாரா? கூட்டத்தில் ஒருத்தரும் அவள் பக்கம் போகவில்லை. ஒரு கிழவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

நாலு பழமும் நசுங்கின. கோயிலைச் சுற்றி, சந்தைக் கடைக்குப் பக்கத்தில் ஒடுக்கமான திருப்பத்தில் திரும்பி, ஒரு குலுக்கல் இல்லாமல் பழைய இடத்திலேயே கொண்டுவந்து நிறுத்தினாள். இறங்கினாள். ரோட்டோரம் கிடந்த கல்லை எடுத்துச் சக்கரத்துக்கு அணை கொடுத்தாள்.

"நாளைக்கு எத்தன மணிக்குங்க வரட்டும்?" என்றாள்.

லட்சுமணசாமி அந்தக் கல்லையே பார்த்துக்கொண்டிருந்தார். "மொத டிரிப் ஆறு மணிக்குங்க" என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. துப்பட்டாவில் துடைத்துக்கொண்டேன்.

அடுத்த நோம்பியில் பாட்டும் மாறிவிட்டது. செவ்வந்தி சீட்டில் ஏறி உட்கார்ந்தாளாம், அம்மன் கண்ணால் பார்த்தாளாம், மினி பஸ் காற்றாகப் பறந்ததாம். பறக்கவுமில்லை, ஒன்றுமில்லை. சைக்கிள்காரன் தாண்டிப் போகிற வேகம்தான். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். ஆனால் இந்தத் தடவை பாட்டு அவளைச் சீட்டை விட்டு இறக்கவில்லை. மூடிக்கொண்டு நானும் கும்மி தட்டினேன்.