பன்னிரண்டு நாற்காலிகளின் காயங்கள்

எகிப்தின் துமியாத்தில் மரச்சாமான் கடை வைத்திருந்த ராகிப், கல்யாணமான நாற்பதாம் நாள் மனைவி கரீமானின் மணிக்கட்டை முறுக்கி ஒடித்தபோது, அவள் கையில் ஒரு கீறல்கூட விழவில்லை. வரவேற்பறையில் தங்க முலாம் பூசிய பன்னிரண்டு நாற்காலிகளில் ஒன்றின் கைதான் ஒடிந்து ரத்தம் கசிந்தது. வலி மட்டும் கரீமானுக்கே வந்தது. அந்த வருஷம் நாற்காலி செய்கிற பீச் மரம் நல்ல விலைக்குப் போனது. ராகிப் ரத்தத்தைத் துடைத்து, பசை தடவி, மறுபடி முலாம் பூசினான். அந்தப் பன்னிரண்டு நாற்காலிகளும் தானேதான் என்று நம்பியவன் அவன். வீட்டுக்கு வருகிறவர்களுக்குத் தன் பெயரைச் சொல்லுமுன் அவற்றைக் காட்டுவான். அதனால் நாற்காலி கெட்டதற்காக அவளை மறுபடி அடித்தான். அந்த அடியில் இன்னொரு நாற்காலி கெட்டது. ஏழு வருஷத்தில் பதினொன்று போயின. ஒன்றின் கால் முறிந்தது, ஒன்றின் பட்டு கிழிந்து உள்ளே சதை தெரிந்தது. பன்னிரண்டாவதும் போய்விட்டால் அடுத்த அடி தன் உடம்பில்தான் விழும் என்று கரீமான் கணக்கிட்டு வைத்திருந்தாள்.

அண்ணன் மஹ்ரூஸிடம் சொல்லிப் பார்த்தாள். அவன் அவள் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"எங்கடி காயம்? தோலு வெண்ண மாதிரி இருக்கு. ஊர்ல எவளுக்குடி இப்படி ஒரு வீடு? சும்மா இரு."

பெருநாளுக்கு முந்தின நாள் காலையில், காப்பி ஆறிப்போயிற்று என்று ராகிப் அவள் கழுத்தை நெரித்தான். பன்னிரண்டாவது நாற்காலியின் முதுகு பிளந்தது. அவன் பசை வாங்கக் கடைக்குப் போன நேரத்தில் கரீமான் பன்னிரண்டையும் ஒரு கழுதை வண்டியில் ஏற்றிக் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோனாள்.

அதிகாரி கொட்டாவி விட்டார். "கழுத்துல ஒரு தடம்கூட இல்லையேம்மா. நான் என்னன்னு எழுதுறது?"

அவள் சாமான் பட்டியலை எடுத்து நீட்டினாள். வீட்டுச் சாமானெல்லாம் பெண்ணுக்கே சொந்தம், தான் வெறும் காவல்காரன் என்று மாப்பிள்ளை நிக்காஹ் அன்று கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிற காகிதம் அது. அதிகாரி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"பட்டியல் சாமானையா உடைச்சான்? இத மொதல்லயே சொல்றதுக்கென்ன!"

ராகிப்பை விலங்கு போட்டுக் கொண்டுவந்தார்கள். நாற்காலிகளைப் பார்த்ததும் அவன் அழுதான்.

"இது நான்தாங்க ஐயா. என்னைய நானே உடைச்சுக்கிட்டா யாருக்கு என்ன?"

"பட்டியல்ல சொந்தக்காரன்னு உன் பேரு இல்லையேடா," என்றார் அதிகாரி.

அவனை உள்ளே தள்ளிப் பூட்டினார்கள். எழுத்தர் காகிதத்தோடு வந்து, கைக்கு எட்டிய நாற்காலியில் உட்கார்ந்தார். கரீமான் விலாவைப் பிடித்துக்கொண்டு அலறினாள்.

"எந்திரிய்யா," என்றார் அதிகாரி. "அந்தம்மா மேல உக்காந்திருக்கியே, கண்ணு தெரியல?"

எழுத்தர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு எழுந்து, சுவரில் காகிதத்தை வைத்து, பன்னிரண்டு காயங்களையும் நின்றபடியே எழுதி முடித்தார்.