தூசி படாத அறை

பட்டறையில் அவனுக்குக் கண்ணாடி என்று பெயர். அவன் பெயின்ட் அடித்த காரின் கதவில் முகம் பார்த்துத் தலை வாரிக்கொள்ளலாம். அவனுக்குத் தெரிந்த ரகசியம் ஒன்றுதான்: ஈரப் பெயின்ட்டில் ஒரு தூசி விழக் கூடாது.

அதனால், இளைப்பு வரும் ஒன்பது வயது மகளைப் பரிசோதித்துவிட்டு, "வீட்டுல தூசியே ஆகாது. சுவத்துல பூசணம் இருந்தாலும் எடுத்துடுங்க" என்று டாக்டர் சொன்னபோது அவனுக்குத் தெம்பாகவே இருந்தது.

"அது நம்ம தொழில் டாக்டர். எங்கிட்ட விட்டுடுங்க."

வீடு என்பது ஓர் அறை, ஒரு ஜன்னல். ஞாயிற்றுக்கிழமை பூசணத்தைச் சுரண்டி எடுத்துவிட்டு, பட்டறையில் மிஞ்சிய வெள்ளைக் கார் பெயின்ட்டை அடித்தான். ஜன்னல் இடுக்கு, காற்று ஓட்டை எல்லாவற்றிலும் செய்தித்தாள் வைத்து மாஸ்கிங் டேப் ஒட்டினான். காருக்கு ஒட்டுவது போலவே, நகத்தால் நீவி நீவி.

"விட்டா பாப்பாவுக்கும் ரெண்டு கோட் அடிச்சிருவீங்க போல" என்றாள் மனைவி, மூக்கைப் பொத்திக்கொண்டு. "நாத்தம் குடலைப் புரட்டுதுங்க."

"நாத்தமா? எனக்கு ஒண்ணும் தெரியலையே."

அவன் பொய் சொல்லவில்லை. பெயின்ட்டில் கலக்கும் தின்னர், இருபது வருடத்தில், அவன் மூக்கை எப்போதோ தின்றுவிட்டிருந்தது. பெயின்ட் விஷயத்தில் இவருக்குத் தெரியாததா என்று அவளும் வாயை மூடிக்கொண்டாள்.

"தலை வலிக்குதுப்பா" என்றாள் மகள்.

"சுவத்தைப் பாரு, உன் மூஞ்சி தெரியுது."

அவள் சுவரைப் பார்த்து நாக்கைத் துருத்தினாள்.

அன்றிரவு இரண்டு முறை அவளுக்கு இளைப்பு மருந்துப் பம்ப்பை வாயில் வைக்க வேண்டியிருந்தது. காலையில் கொஞ்சம் தெளிந்தாள். வெளியே தூசி என்று பள்ளிக்கு அனுப்பவில்லை.

"கதவைத் திறக்கக் கூடாது, டேப்பைத் தொடக் கூடாது, என்ன? தொட்டா அப்பாவுக்குத் தெரிஞ்சிடும்" என்று சொல்லிவிட்டுப் பட்டறைக்குப் போனான். மனைவியும் வேலைக்குப் போய்விட்டாள்.

மத்தியானம் பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா போன் செய்தாள். "உங்க வாசல்ல நின்னாலே கண்ணு எரியுது தம்பி. பாப்பாவைக் கூப்பிட்டா சத்தமே இல்ல. சீக்கிரம் வாங்க."

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார். "உள்ள பெயின்ட் அடிச்சீங்களா? ஜன்னலைத் திறந்து வச்சீங்களா?"

"தூசி வரக் கூடாதுன்னு நீங்கதானே..." என்று ஆரம்பித்தவன் பாதியில் நிறுத்தினான். டாக்டர் அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

புதன்கிழமை மகள் போய்விட்டாள்.

எல்லோரும் கலைந்த பிறகு, "அதைப் பிரிங்க" என்றாள் மனைவி. மூன்று நாளில் அவள் அவனிடம் பேசிய ஒரே பேச்சு.

அவன் ஜன்னலுக்குப் போனான். அடி மூலையில், ஒன்பது வயதுக்கு எட்டுகிற உயரத்தில், டேப் இரண்டு விரல் அகலத்துக்குக் கசங்கியிருந்தது. யாரோ பிரித்திருக்கிறார்கள். பிரித்தது தெரியாமலிருக்க மறுபடி ஒட்டி, சின்ன நகத்தால் நீவியும் விட்டிருந்தது, அவன் செய்வது போலவே.