ஃப்ரிட்ஜ் இரையும் பக்கம்

1.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது கதையாக ஆரம்பிக்கவில்லை. என் அக்காவுக்கு எழுதிய மன்னிப்புக் கடிதம். நாலு வரிக்கு மேல் போகவில்லை. மன்னிப்புக் கேட்டு எனக்குப் பழக்கமில்லை, கதை எழுதித்தான் பழக்கம். அதனால் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு மேலே ஒரு தலைப்பு வைத்தேன். கோழைத்தனம்தான். தெரிந்தேதான் செய்கிறேன்.

என் தொழில் சத்தத்தைக் குறைப்பது. கடை, நூலகம், பேருந்து நிலையம் என்று கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போய், சத்தமும் வெளிச்சமும் தாங்காதவர்கள் வந்துபோகிற மாதிரி இடத்தை மாற்றிக் கொடுக்கிறேன். கூரையில் ஒரு சின்னப் பெட்டி வைப்பேன். அது கேட்டுக்கொண்டே இருக்கும். சத்தம் எல்லை தாண்டினால் பாட்டைக் குறைக்கும், விளக்கை மங்க வைக்கும். அக்காவும் தாங்காதவள்தான். ஆட்டிசம் என்று எங்களுக்குப் பெயர் தெரிந்தபோது அவளுக்கு வயது முப்பத்தொன்று. அதுவரை வீட்டில் அதற்குப் பெயர் பிடிவாதம்.

2.

தொடக்கம், முதல் முயற்சி:

"சூப்பர் மார்க்கெட் வாசலில் அவள் இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டு நடுங்கினாள். அவளுடைய உலகம்..."

(இங்கே நின்றுவிட்டது. அக்கா என் முதுகுக்குப் பின்னால் நின்று படித்துக்கொண்டிருந்தாள்.)

"நான் காதைப் பொத்தல."

"கதைக்காக அக்கா. படிக்கிறவங்களுக்குப் புரியணும்ல?"

"என் கை ரெண்டும் பையைப் பிடிச்சிருந்துச்சு. பச்சைப் பை. நீயும்தான் பார்த்த."

"சும்மா ஒரு இதுக்கு..."

"எதுக்கு?"

வரியை அடித்தேன். அடித்ததை இங்கே அழிக்காமல் விட்டிருப்பது, என் லட்சணத்தை நீங்களும் பார்க்கட்டும் என்றுதான்.

3.

நடந்தது இது. பதினோரு வருடமாகச் செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு அக்கா அந்தச் சூப்பர் மார்க்கெட்டுக்குப் போய்ப் பால் வாங்கி வருவாள். வாரத்தில் அவள் தனியாக வெளியே போவது அந்த ஒரு தடவைதான். திரும்பி வந்ததும் ஒரு மணி நேரம் போர்வைக்குள் சுருண்டு கிடப்பாள்.

அந்தக் கடையே என்னை வேலைக்குக் கூப்பிட்டால் விடுவேனா? செவ்வாய் பத்திலிருந்து பதினொன்று வரை அமைதி நேரம் என்று நானே குறித்துக் கொடுத்தேன். பாட்டு கிடையாது. கதவு திறந்தால் அடிக்கும் டிங் டாங் கிடையாது. பில் போடும் மெஷினின் பீப்பை அணைத்தேன். பால் வைக்கும் பெரிய ஃப்ரிட்ஜின் விசிறி இரைச்சலைக்கூட அந்த ஒரு மணி நேரம் அடக்கிவைத்தேன். மேனேஜர் கும்பிடாத குறை. "ஊசி விழுந்தாக் கேக்கும்போல மேடம்" என்றார். பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

வீட்டில் இருப்பவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆச்சரியமாக இருக்கட்டும் என்று நினைத்தேன்.*

முதல் அமைதி நேரத்துக்கு நானும் கூடப் போனேன். கதவு சத்தமே இல்லாமல் திறந்தது. அக்கா உள்ளே இரண்டடி வைத்தாள். தரையைப் பார்த்தபடி நின்றாள். நின்றுகொண்டே இருந்தாள். பிறகு காலிப் பையோடு திரும்பி வீட்டுக்கு நடந்துவிட்டாள். அன்றோடு சரி. ஆறு செவ்வாய் போய்விட்டது, வாசற்படி இறங்கவில்லை. பாலை நான்தான் வாங்கி வருகிறேன்.

* பொய். கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுவாளோ என்ற பயம். நான் பிடித்த முயலுக்கு எப்போதும் மூன்றே கால்.

4.

இந்த இடத்தில் "மாற்றத்தைக் கண்டு அவள் அஞ்சினாள்" என்று எழுதியிருந்தேன். நன்றாகத்தானே இருக்கிறது? எந்தக் கூட்டத்தில் வாசித்தாலும் தலையாட்டுவார்கள். அக்கா என் பேனாவை வாங்கிக் குறுக்கே ஒரு கோடு போட்டாள்.

"அப்ப ஏன்தான் நின்ன? நீயே சொல்லு."

"பால் எங்கன்னு தெரியல."

"பதினோரு வருஷமா வாங்குற இடம் அக்கா!"

"நான் கடையைப் பாக்குறதே இல்ல. அந்தக் கலரெல்லாம் கண்ணைக் குத்தும். தரையைத்தான் பாப்பேன். டிங் டாங் கேட்டா உள்ள வந்துட்டேன்னு அர்த்தம். ஃப்ரிட்ஜ் இரையுற பக்கம் போனா பால். பீப் பீப்புன்னு கேக்குற பக்கம் போனா வெளிய வர்ற வழி." பேனா மூடியைக் கழற்றிக் கழற்றி மாட்டினாள். "எல்லாத்தையும் எடுத்துட்டியேடி. நான் எப்படிப் போவேன்?"

"அப்ப எதுதான் வலிச்சுது?"

"பாட்டு. அதை மட்டும் எடுத்திருக்கலாம். நீ கேக்கலையே."

ஐயோ என்று இருந்தது. சத்தத்தை அளந்து சம்பாதிக்கிறவள் நான். அவளுக்கு எந்தச் சத்தம் வேண்டும் என்று ஒருநாள்கூடக் கேட்டதில்லை. பக்கத்து அறையிலேயே இருந்துகொண்டு அவளை அவ்வளவு தனியாக விட்டிருக்கிறேன். நானும் அவ்வளவு தனியாகத்தான் இருந்திருக்கிறேன். நான் சொல்வதைக் கேட்க அவள் இருந்தும் நான் சுவரோடு பேசிக்கொண்டிருந்தேன்.

5.

மூன்று சத்தத்தையும் பதிவுசெய்து எடுத்து வந்து சாப்பாட்டு மேசையில் வைத்தேன். எவ்வளவு சத்தம் வேண்டும் என்று அக்காவே திருகி வைத்தாள். "இது போதும்." மேனேஜரிடம் கொண்டுபோனேன். "அமைதி நேரத்துல பீப்பா மேடம்? போன மாசம்தானே வேண்டாம்னீங்க?" என்று சிரித்தார். சிரிக்கட்டும். மாற்றியாயிற்று.

முடிவுகள்:

(அ) அக்கா போகிறாள், பாலோடு வருகிறாள், போர்வை மடித்தபடியே இருக்கிறது. எழுத இனிக்கிறது. அதனாலேயே நம்பிக்கை வரவில்லை.

(ஆ) அக்கா போகவில்லை. நான் வாங்கி வந்த பாலில் காபி போட்டுக்கொண்டு ஆளுக்கொரு அறையில்... (இதை முடிக்க முடியவில்லை.)

இரண்டையும் காட்டினேன்.

"ரெண்டுமே நீ எழுதினது," என்றாள். "நாளைக்கு வாசல்ல நின்னாத்தான் எனக்கே தெரியும். நீ கூட வராத."

ஆக, முடிவு என் கையில் இல்லை. நாளைக்குச் செவ்வாய். பத்து மணிக்கு நான் வீட்டில் இந்த மேசைமுன் இருப்பேன். கடைக்குள் இருக்கப்போவது நீங்கள்தான். எந்தக் கடை என்று கேட்காதீர்கள், எதுவாகவும் இருக்கலாம். பச்சைப் பையோடு ஒருத்தி உள்ளே இரண்டடி வைத்துத் தரையைப் பார்த்தபடி நின்றால், என்னம்மா வேணும் என்று பரிவாகக் கேட்காதீர்கள். கையைப் பிடிக்காதீர்கள். அவள் கேட்டுக்கொண்டிருக்கிறாள். உங்கள் போனில் பாட்டு ஓடினால் அதை நிறுத்துங்கள். ஃப்ரிட்ஜுக்கும் அவளுக்கும் நடுவில் நின்றால், கொஞ்சம் தள்ளி நில்லுங்கள்.