அச்சில் வராத பெயர்

நிருபர் வேலையில் சேர்ந்த அன்றே அவளுக்கு அந்த அலுவலக வழக்கத்தைச் சொல்லிவிட்டார்கள். தகவல் தந்தவர் பெயரைத் தாளிலும் வைக்கக் கூடாது, கணினியிலும் வைக்கக் கூடாது. ஆசிரியர் காதில் மட்டும் சொல்ல வேண்டும். காதும் காதும் வைத்த மாதிரி என்பார்களே, அதை அங்கே அப்படியே செய்தார்கள். அவளுக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

அந்த நம்பிக்கையில்தான் அக்கா வீட்டுக்காரரின் பெயரைச் சொன்னாள். மாமாவுக்கு நகராட்சிக் குடிநீர் நிலையத்தில் வேலை. குளோரின் போடாமலே ஊருக்குத் தண்ணீர் திறந்துவிடுகிறார்கள் என்று மனசு பொறுக்காமல் மச்சினியிடம் சொல்லிவிட்டார். செய்தி வந்தது, குளோரினும் வந்தது, பிள்ளைகளின் வயிற்றுப்போக்கு நின்றது. கூடவே மாமாவின் வேலையும் போனது. "உன்னைத் தவிர யார்கிட்டயும் அவர் வாயே திறக்கலை" என்று சொன்னதோடு அக்கா பேச்சை நிறுத்திவிட்டாள். கூட வேலை செய்த எவனோ போட்டுக்கொடுத்திருப்பான் என்று இவள் எல்லோரையும் சந்தேகப்பட்டாள், ஆசிரியர் ஒருவரைத் தவிர.

அப்புறம் நகர மண்டபத்தில் ‘நல்லாட்சியில் ஊடகத்தின் பங்கு’ என்று ஒரு கூட்டம் போட்டார்கள். ஆசிரியருக்குப் பாராட்டு, உள்ளூர் டிவியில் நேரலை வேறு. நகராட்சித் தலைவருக்கு மைக் கிடைத்தால் வாய்க்குப் பூட்டுக் கிடையாது.

"அந்தத் தண்ணி விஷயத்துல பாருங்க, செய்தி போடறதுக்கு முன்னாடியே ஆசிரியர் எனக்குப் போன் பண்ணி, உங்க ஆளே சொல்றான், கவனிங்கன்னு பேரோட சொன்னாரு. இந்த மாதிரி பொறுப்பான பத்திரிகைதான் ஜனநாயகத்துக்குத் தேவை."

கூட்டம் கைதட்டியது. பழக்கதோஷத்தில் அவளும் இரண்டு தட்டுத் தட்டிவிட்டாள். பிறகுதான் அந்தப் ‘பேரோட’ உறைத்தது.

படிக்கட்டில் ஆசிரியரை மறித்தாள். தலைவரிடம் விளக்கம் கேட்கும்போது பெயர் வாய்தவறி வந்துவிட்டது என்றார். ஊர் பிழைத்ததா இல்லையா என்று அவளையே திருப்பிக் கேட்டார். பாவி மனுஷன் சொன்னதில் அது மட்டும் பொய்யில்லை, அதனாலேயே ஆத்திரம் இரட்டிப்பானது. வேலியே பயிரை மேய்ந்துவிட்டு மிச்சம் விளைந்ததைக் காட்டினால் யாரிடம் போய் முறையிடுவது?

நேரே அக்கா வீட்டுக்குப் போனாள். டிவியில் அந்தக் கூட்டம்தான் ஓடிக்கொண்டிருந்தது. அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆசிரியரிடம் மட்டும்தான் சொன்னேன் என்று தொடங்கியவளை மாமா கையமர்த்தினார். அவர் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

"என் பேரைப் போட்டே எழுதியிருக்கலாமேம்மா. தலைவருக்குத் தெரிஞ்ச மாதிரி ஊருக்கும் தெரிஞ்சிருந்தா, என்னை வெளிய அனுப்பினப்போ ஏன்னு கேக்க நாலு பேராவது வந்திருப்பாங்க."