ஒடிந்த போல்ட்டுக்கு ஒரு பாட்டு

கொச்சி தோப்பும்படி மீன்பிடித் துறைமுகத்து வண்டி என்றாலே மெக்கானிக் ராமருக்கு ஆகாது. மீன்பெட்டியிலிருந்து ஒழுகும் உப்புத்தண்ணீர் வருஷக்கணக்கில் ஊறி, எந்த போல்ட் எந்த இடத்தில் உயிரை விட்டிருக்கிறது என்று ஆண்டவனுக்கே தெரியாது. அன்றைக்கு வந்த பைக்கில் சைலன்சரை எஞ்சினோடு பிடித்திருந்த இரண்டு போல்ட்டுகளும் துருவேறிச் செங்கல் நிறத்தில் இருந்தன. ராமர் அவற்றின்மேல் டீசலை ஊற்றி, மறுநாள் காலையில் சூடு காட்டிக் கழற்றலாம் என்று ஒதுக்கி வைத்தார்.

சின்ன முதலாளி சாய்கிருஷ்ணாவுக்கு அந்தப் பொறுமையெல்லாம் கிடையாது. பாலக்காட்டிலிருந்து வந்து மட்டாஞ்சேரியில் தலைமுறைக் கணக்கில் காலூன்றிய தமிழ்க் குடும்பம். அப்பா வெங்கிடாசலம் தொடங்கிய ஒர்க்‌ஷாப்பை இப்போது அவன்தான் பார்த்துக்கொள்கிறான். வண்டிக்குச் சொந்தக்காரரான மீன் வியாபாரி வாசலில் உட்கார்ந்து சாயா குடித்துக்கொண்டிருந்தார். இதோ ஆயிற்று என்று அவரிடம் வாய்விட்டுவிட்டு வந்தவன், ஸ்பானரின் முனையில் ஓர் இரும்புக் குழாயைச் செருகி முழு பலத்தோடு ஒரே அழுத்தாக அழுத்தினான். போல்ட்டின் தலை மட்டும் கையோடு வந்தது. மற்றது எஞ்சினுக்குள்ளேயே தங்கிவிட்டது.

தலையைச் சட்டென்று சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். போல்ட் ஒடிந்த சேதியை வண்டிக்காரரிடம் சொல்லும் வழக்கம் அந்தக் கடையில் இல்லை. ஒடிந்ததைக் குடைந்து எடுத்து, புதியதைப் போட்டு, ஒன்றுமே நடக்காத மாதிரி துடைத்துக் கொடுத்துவிட வேண்டும். டிரில் சத்தம் வெளியே கேட்டால் குட்டு உடைந்துவிடும் என்பதால், பக்கத்தில் நிற்கும் ஏதாவதொரு பைக்கை ஸ்டார்ட் செய்து ஆக்ஸிலரேட்டரை முறுக்கிக்கொண்டே இருப்பார்கள். அதற்குக் கடையில் ‘பாட்டு போடுவது’ என்று பெயர். யார் ஒடித்தாலும் பாட்டு போடுவது முதலாளி, குடைவது ராமர். அப்படியொரு ஏற்பாடு.

"ராமரண்ணா, நீங்கதான் எடுக்கணும். உங்க கைக்கு வராத போல்ட் உண்டோ?"

"இன்னும் ஊறல தம்பி. இப்ப நெருக்குனா பிட்டு ஒடிஞ்சிரும். நாளைக்கு எடுத்துத் தாரேன்."

"அந்தாள் சாயா குடிச்சு எழுந்திருக்கறதுக்குள்ள முடியணும். நான் பாட்டு போடறேன்."

அதற்குமேல் என்ன பேச. ராமர் தரையில் ஒருக்களித்துப் படுத்தார். கண்ணில் தெறிக்காமலிருக்கப் போடும் கண்ணாடி ஒன்று கடையில் இருந்தது. அதை மாட்டினால் கீறலைத் தவிர வேறொன்றும் தெரியாது. புதியது வாங்கச் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம். அதை மாட்டாமலேயே போல்ட்டின் நடுவில் ஒரு புள்ளி குத்தி, டிரில் பிட்டை அதில் நிறுத்தினார்.

தலைக்குமேல் எஞ்சின் அலறியது. பிட் இரும்பைக் கவ்வப்போகிறதென்றால் அதன் சத்தம் மாறும். அந்த மாற்றத்தைக் கேட்டுத்தான் ராமர் எப்போதும் டிரில் ஸ்விட்சிலிருந்து விரலை எடுப்பார். அன்றைக்கு அவர் காதில் விழுந்ததெல்லாம் பாட்டுதான். பிட் கவ்வியது, ஒடிந்தது, ஒரு துண்டு வலது கண்ணில் பாய்ந்தது. அவர் கத்தினார். அதுவும் யாருக்கும் கேட்கவில்லை. வாசலையே பார்த்தபடி முறுக்கிக்கொண்டிருந்தவனின் காலைத் தவழ்ந்து போய்ப் பிடித்து இழுத்த பிறகுதான் எஞ்சின் நின்றது.

சாய்கிருஷ்ணா வெளிறிப்போனான். ஆனாலும் முதலில் வாசலுக்குத்தான் போனான். ஒரு சாமான் கடையில் கிடைக்கவில்லை, நாளைக்கு வாருங்கள் என்று மீன் வியாபாரியை அனுப்பிவிட்டு வந்துதான் ராமரைப் பின்வாசல் வழியாகத் தன் காரில் ஏற்றினான். பாலம் தாண்டும்போது பேச்சை எடுத்தான்.

"பட்டறையில ஆச்சுன்னா போலீஸ் வரும், கடையைப் பூட்டும்படியாகும். வீட்டுச் சுவத்துல ஆணி அடிக்கறச்சே தெறிச்சதுன்னு பறைஞ்சா மதி, அது போதும். பாக்கி நான் நோக்கிக்கறேன். நம்ம ஆளுன்னுதானே உங்களை வெச்சிருக்கோம்?"

‘நம்ம ஆளு’ என்பது ஞாயிற்றுக்கிழமை வேலைக்குக் கூப்பிடும்போது மட்டும் வருகிற சொல். ராமர் துண்டைக் கண்ணில் அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் குடும்பத்தோடு குடியிருக்கும் அறை வெங்கிடாசலத்தின் வீட்டுப் பின்கட்டு. தன் மகள் ஸ்வர்ணலதா ப்ளஸ் டூ படிக்கிறாள், மலையாளத்தில். தமிழ் எழுத வராத பெண்ணைப் பாதிப் படிப்பில் சொந்த ஊரான சங்கரன்கோவிலுக்குக் கூட்டிப்போய் எந்தப் பள்ளிக்கூடத்து வாசலில் நிற்பது?

ஸ்கேன் படத்தில் இரும்புத் துண்டு வெள்ளையாகத் தெரிந்தது. துண்டை எடுத்துவிடலாம், பார்வை திரும்பாது என்றார் டாக்டர். எப்படி நடந்தது என்று கேட்டார். பதில் வரத் தாமதமாகவே, வேலை செய்யும் இடத்தில் நடந்திருந்தால் நஷ்டஈடு கேட்க உரிமை உண்டு, பயப்படாமல் சொல்லலாம் என்றும் சொன்னார். அதைச் சொல்லும்போது சாய்கிருஷ்ணா ராமரின் தோளில் ஆதரவாகக் கை வைத்திருந்தான்.

"வீட்ல ஆணி அடிச்சேன் சார்" என்றார் ராமர்.

கண்ணுக்குக் கட்டுப் போட்டு ஆபரேஷனுக்குக் காத்திருந்தபோது, ஹோட்டலில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த மனைவி இசக்கிசெல்வி போட்டது போட்டபடி ஓடி வந்தாள். நர்ஸ் விவரம் சொன்னாள். இசக்கிசெல்வி கட்டிலருகே குனிந்து, அவர் சட்டையிலிருந்த கிரீஸ் கறையைப் பார்த்தாள்.

"என்ன ஆணி? காலண்டர் மாட்டக்கூட இவங்க செவத்துல ஆணி அடிக்க விட மாட்டாங்களே. சன்னல் கம்பியிலல்லா கெட்டித் தொங்கவிட்டிருக்கோம்."

"சும்மா இரி செல்வி. பிள்ள படிப்பு முடியட்டும்."

அவளுக்குப் புரிந்துவிட்டது. சாய்கிருஷ்ணாவின் பக்கம் திரும்பினாள். அதற்குள், அவர்கள் பேச்சில் காலண்டர் என்ற சொல் மட்டும் புரிந்த நர்ஸ் அவளைப் பிடித்துக்கொண்டாள். ஒரு காலண்டருக்காகக் கண்ணைக் கொடுப்பார்களா, வீட்டுக்காரி என்று ஒருத்தி இருந்து என்ன பிரயோஜனம் என்று மலையாளத்தில் நறுக்கென்று கேட்டாள். சாய்கிருஷ்ணாதான் பேசினான், நர்ஸுக்கு மலையாளத்தில் ஒருமுறை, இவர்களுக்கும் கேட்கட்டும் என்று தமிழில் ஒருமுறை.

"சுவத்துல ஆணி அடிக்கப்படாதுன்னு அப்பா எத்தனை தடவை பறைஞ்சிருக்கார். கேட்டாத்தானே?"

நர்ஸ் உருகிப்போனாள். வீட்டில் தானே இழுத்துக்கொண்ட வினைக்கு வேலைக்காரனைச் சொந்தக் காரில் கொண்டுவந்து சேர்க்கிற முதலாளி இந்தக் காலத்தில் எங்கே கிடைப்பார், அவருக்கு ஒரு நன்றியாவது சொல்லு என்று இசக்கிசெல்வியின் முழங்கையைத் தொட்டாள்.

இசக்கிசெல்வி, பாத்திரம் கழுவி ஊறி வெளுத்துப்போயிருந்த இரண்டு கைகளையும் சாய்கிருஷ்ணாவின் முன்னால் குவித்தாள். கட்டுப் போடாத கண்ணால் ராமர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.