சரிங்க என்றால் சம்மதமா?

1

இந்தக் கதை என் பிழையிலிருந்து வந்தது. பிழை என்றுதான் முதலில் எழுதினேன். பொய்யாகவும் இருக்கலாம், நீங்கள் சந்தேகத்தோடே படியுங்கள்.

முதலில் எழுதிய தொடக்கம்: ‘உறையூர் வாய்க்கால் கரையில் வெயில் தாழ்ந்த நேரத்தில்...’ (வேண்டாம். நான் அழகாக எழுதத் தொடங்கினால் எதையோ மறைக்கிறேன் என்று அர்த்தம்.)

என் பெயர் ரத்தினவேல். ஸ்ரீரங்கத்தில் வீடு, மொழிபெயர்ப்பு வேலை. வாய்க்காலைச் சீரமைக்க நிதி கொடுத்த வெளிநாட்டு நிறுவனம், கரைவாசிகள் சம்மதிக்காமல் ஒரு வீட்டையும் தொடக்கூடாது என்று விதி வைத்திருந்தது. ‘மக்களின் உரிமை’ என்று அதற்குத் தலைப்பு. கூட்டத்தில் அதைத் தமிழில் வாசித்தவன் நான்தான்.

2

கரையில் குடியிருந்து பிளவுஸ் தைத்துப் பிழைக்கும் ஷரபுன்னிசா முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். ஊருக்கு வெளியே மாற்று வீடு தருவதாக வெளிநாட்டு அதிகாரி சொன்னதை அவரிடம் தமிழில் சொன்னேன்.

“சரிங்க,” என்றார்.

காதில் விழுந்தது என்பதற்கும் நம் ஊரில் அதுதான் சொல். ‘சம்மதிக்கிறார்’ என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அதிகாரி குறித்துக்கொண்டார்.

(சாப்பாட்டு நேரம் தாண்டியிருந்தது. இதைக் காரணமாகச் சொல்லவில்லை. சொல்கிறேனோ?)

3

மூன்றே வாரத்தில், இடிப்பதற்காக அவர் வீட்டுச் சுவரில் சிவப்பு எண் எழுதினார்கள். என்னைத் தேடி வந்தார்.

“நான் எப்ப சார் ஒத்துக்கிட்டேன்? அவ்வளவு தூரம் யாரு துணி எடுத்துக்கிட்டு வருவா?”

“சரின்னு சொன்னீங்களே.”

“மேல சொல்லுங்கன்னு அர்த்தம். உங்களுக்குத் தெரியாதா?”

தெரியும்.

நிறுவனத்துக்கு ஆங்கிலத்தில் புகார்க் கடிதம் எழுதிக் கொடுத்தேன். அவர் அதை நேரே தில்லை நகருக்கு எடுத்துப்போய், ஆங்கிலம் தெரிந்த மருந்துக்கடை ஜூட்டிடம் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுத் திரும்பி வந்தார்.

“தவறான புரிதல் ஏற்பட்டதுன்னு எழுதியிருக்கீங்களாமே. யாரு தப்புன்னு இல்லியே சார்?”

அந்த வரியை அடித்துவிட்டு எழுதினேன்: ‘அவர் சம்மதிக்கவில்லை. நான் மாற்றிச் சொன்னேன்.’ கீழே என் கையெழுத்து.

4

பதில் வந்தது. இடிப்பு நிறுத்திவைப்பு. மறுபடியும் கூட்டம். வேறு மொழிபெயர்ப்பாளர். எனக்கு இனி அங்கே வேலை இல்லை.

முடிவு அ: ஷரபுன்னிசாவின் வீடு தப்பிக்கிறது.

முடிவு ஆ: புதிய ஆளும் அவர் பேச்சை மாற்றிச் சொல்லி... (இதை எழுதும்போது உள்ளுக்குள் எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாக இருந்தது. அதனால் நிறுத்திவிட்டேன்.)

இரண்டையும் அவரிடம் போனில் வாசித்தேன்.

“கூட்டத்துல நான் என்ன பேசப்போறேன்னு உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியாதுங்க.”

“அப்ப எழுதாதீங்க.”

கூட்டம் வரும் செவ்வாய், காலை பத்து மணிக்கு. பொதுமக்கள் யாரும் வரலாமாம். நீங்களே போய்க் கேளுங்கள். என் வழியாக வேண்டாம்.