அர்ஜவாங்கின் குவிமாடம்

அர்ஜவாங்க் மடத்துக் கோயிலின் குவிமாடத்தைக் கட்டியவர் என் கணவர் அவாக். அதில் விரிசல் விட்டதை முதலில் கண்டவரும் அவர்தான். குறுக்கே சுண்ணாம்பு பூசி வைத்தார். விடிந்து பார்த்தால் பூச்சு இரண்டாகப் பிளந்திருந்தது. மூன்று நாளும் அப்படியே. அந்த வாரம் மடத்துச் சுனைநீர் கலங்கி, வெதுவெதுப்பாக வந்தது. பறந்துபோன புறாக்கள் திரும்பவில்லை.

இயேசு மலைமேல் ஒளிர்ந்ததைக் கொண்டாடும் வர்தவார் திருநாளுக்கு ஊரே மலையேறி வரும். கோயிலைப் பூட்டச் சொல்லி அவாக் மடத்துத் தலைவர் பார்சேக்கிடம் போனார். நானும் கூட நின்றேன்.

"நீ கட்டினதுக்குள்ள வர உனக்கே பயமாப்பா?" என்று சிரித்தார் பார்சேக். "தாத்தார் படை வந்தே அசையல. போ, போய் ஆட்டை அறுக்கிற வழியப் பாரு."

வீட்டுக்கு வந்ததும் அவாக் சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "தெற்குத் தூணுக்கு அடியில பாறை இல்லடி. வெறும் மண்ணு. பனி விழறதுக்குள்ள முடிக்கணும்னு அப்படியே மூடிட்டேன்."

"பதினாறு வருஷமா எங்கிட்டகூடச் சொல்லலையே!"

"சொன்னா ஊரு என்னைக் கொன்னுடும்."

"சொல்லலைன்னா?"



திருநாளன்று கோயிலில் நிற்க இடமில்லை. பாதி வழிபாட்டில் அவர் பீடத்தின் படியேறி, எல்லாவற்றையும் கத்திச் சொன்னார்.

"என் புள்ளைங்க தலைக்கு மேலயாடா மண்ணுல கட்டி வச்ச?" என்று கொல்லன் தாதே பாய்ந்தான். அவாக் வாசலுக்கு ஓடினார். கூட்டம் மொத்தமும் துரத்தியது. வெளியே வால்நட் மரத்தடியில் பிடித்து அடித்தார்கள். கையை முறித்தார்கள். நான் குறுக்கே விழுந்தேன்.

அப்போதுதான் தரை உறுமியது. குவிமாடம் உள்வாங்கி, புழுதியாய் எழுந்தது.

புழுதி அடங்கிய பிறகும் தாதே கையில் எடுத்த கல்லைக் கீழே போடவில்லை. "இவன் வாயாலதான் கோயில் இடிஞ்சுது," என்றான். யாரும் மறுக்கவில்லை. அன்றே எங்களை ஊரைவிட்டுத் துரத்தினார்கள். அந்த மடத்தை மறுபடி கட்டவும் ஒருவரும் வரவில்லை.

கணவாயில் இறங்கும்போது அவாக் கேட்டார்: "பார்சேக் சாமி வெளிய வந்துட்டாரா?"

எல்லாரும் வெளியே ஓடியபோது, பீடத்தைவிட்டு அசைய மாட்டேன் என்று சாமி மட்டும் உள்ளேயே நின்றதை நான் பார்த்திருந்தேன்.

"வந்துட்டாருங்க," என்றேன்.